கல்பாத்திக் கரை – 14: பால் காய்ச்சிய பாத்திரம்

பாலக்காட்டுக் கல்பாத்தியின் வரலாறு என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது கோயிலும் தேரும்தான். 1425-ஐ ஒட்டி விசாலாட்சி சமேத விசுவநாதசுவாமிக்குக் கோயில் எழுந்த கதை, தஞ்சைச் சீமையிலிருந்து கணவாய் தாண்டி வந்து ஆற்றங்கரையில் குடியேறிய குடும்பங்கள், ஐப்பசிக் கடைசியில் நான்கு கிராமத்துத் தேர்களும் கூடுகிற அழகு, மிருதங்கம், வேதம், இங்கே படித்துவிட்டுச் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் உத்தியோகத்துக்குப் போனவர்கள். இந்தத் தொடரிலும் இதுவரை அவற்றையே பார்த்துவந்தோம். இந்த வாரம் அடுக்களைக்குள் போகிறோம். குழந்தைக்குப் பால் காய்ச்சிய பாத்திரத்தின் கதையைச் சொல்லப்போகிறேன்.

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தியக் குழந்தைகளை ஒரு கல்லீரல் நோய் கொன்றுகொண்டிருந்தது. நம் வீடுகளில் அதை ஈரல்கட்டி என்றார்கள், குலைக்கட்டி என்றார்கள். மருத்துவ நூல்கள் ‘இந்தியக் குழந்தைப்பருவ சிரோசிஸ்’ என்று நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டின. அது விரும்பித் தேடிய வீடு எப்படிப்பட்டது என்று அந்நூல்கள் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் அக்கிரகாரத்தை அறிந்தவர்களுக்கு நெஞ்சு கனக்கும். நடுத்தர வசதியுள்ள வீடு, பெரும்பாலும் மரக்கறி உண்ணும் வீடு, பிராமணக் குடும்பங்கள் அதிகம், பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம், பெண் குழந்தையைவிட ஆண் குழந்தைக்கு அதிகம். பட்டினி கிடந்த வீடுகளை விட்டுவிட்டு, கொட்டிலில் பசு நின்ற வீட்டைத் தேடி வந்த நோய் அது.

உள்ளங்கைக்குத் தெரிந்த நோய்

குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு மேல், மூன்று வயதுக்குள் நோய் தலைகாட்டும். முதலில் காரணமில்லாத சிணுங்கல். பசி மந்தம், லேசான காய்ச்சல். வயிறு மட்டும் மெல்ல உப்பும். தாயார் எண்ணெய் தேய்க்கும்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்படும். வைத்தியர் வயிற்றில் கையை வைத்தால் போதும். ஈரல் கல்லாக இறுகி, அதன் ஓரம் இலையின் விளிம்பைப்போலக் கூர்மையாக விரலில் படும். அந்த விளிம்பைத் தொட்ட அனுபவசாலிகள் பெற்றோரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தயங்குவார்கள். அடுத்து கண்ணிலும் தோலிலும் மஞ்சள் ஏறும். வயிற்றில் நீர் கோத்து மகோதரமாகும். காமாலை கண்ட பிறகு பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களோ சில மாதங்களோதான் இருந்தன.

ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தது அடுத்த பிள்ளைக்கும் வந்தது. அதனால் ‘வம்சத்தில் இருக்கிறது’ என்றார்கள். தோஷம் என்றார்கள், சாபம் என்றார்கள். பெற்றவளின் பால் சரியில்லை என்று சொல்லி அவளையே தாய்ப்பாலை நிறுத்தச் செய்த வீடுகளும் உண்டு. பின்னால் தெரியவந்த உண்மையை வைத்துப் பார்த்தால், அதைவிடக் கொடுமையான அறிவுரை வேறு இருக்க முடியாது.

மருந்துக்கும் குறைவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், கரிசாலை கொடுத்தார்கள். சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யாவின் ‘லிவர் க்யூர்’ தென்னாடு முழுவதும் பெயர் பெற்றிருந்தது. மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்த ஜம்மி கட்டடத்தை அறியாத குடும்பஸ்தர் அந்தக் காலத்தில் குறைவு. குழந்தை ஈரலுக்கென்றே ஒரு மருந்தின் பெயர் அத்தனை வீடுகளில் புழங்கியது என்றால், நோய் எவ்வளவு வீடுகளில் நுழைந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்கத்தாவிலிருந்து குன்னூர் வரை

மருத்துவ ஏட்டில் இந்த நோயின் சுவடு 1887-இல் தொடங்குகிறது. கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் குழந்தைகளின் ஈரல் வீக்கத்தைப் பற்றி எழுதினார். நான்கு ஆண்டு கழித்து, 1891-இல், அதே நகரத்தில் கிப்பன்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், இறந்த குழந்தைகளின் ஈரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து விரிவாக எழுதினார். 1930-களில் விசாகப்பட்டினத்தில் திருமூர்த்தியும் ராதாகிருஷ்ண ராவும் இந்த ஈரல்களின் திசுவை ஆராய்ந்தார்கள். ஈரல் எப்படிக் கெடுகிறது என்பது துலங்கத் தொடங்கியது. எதனால் கெடுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

விடுதலைக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென ஒரு துணைக்குழுவை அமைத்து, நாடு முழுவதிலிருந்தும் விவரம் திரட்டி, 1955-இல் அறிக்கை வெளியிட்டது. சென்னையில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த எஸ்.டி. ஆச்சார், அவரோடு வி. பாலகோபால ராஜு, நோய்க்கூற்றியல் அறிஞர் எஸ். ஸ்ரீராமாச்சாரி ஆகிய மூவரும் 1960-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஏட்டில் இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். நம் பக்கத்து மருத்துவமனைப் படுக்கைகளில் கிடந்த குழந்தைகளின் துயரம் உலகத்துக்குத் தெரிந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பங்குண்டு.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி. அங்கே குன்னூரில் 1950-களின் இறுதிவரை இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வளர்த்த கூடம் அது. பிறகு ஹைதராபாத்துக்கு மாறியது. வி. ராமலிங்கசுவாமியும் ஸ்ரீராமாச்சாரியும் குன்னூரில் புரதக் குறைவால் வாடிய குழந்தைகளின் ஈரலை ஆராய்ந்தார்கள். சோறு போதாத குழந்தையின் ஈரலில் கொழுப்பு அடைகிறது. நல்ல ஆகாரம் கிடைத்தால் அந்தக் கொழுப்பு கரைந்து ஈரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அது நார் படர்ந்து ஈரல் இறுகும் சிரோசிஸாக முற்றுவதில்லை. இது புலப்பட்டதும் ‘போஷாக்குக் குறைவுதான் குலைக்கட்டிக்குக் காரணம்’ என்ற வாதம் வலுவிழந்தது.

பிறகு ஒவ்வொரு சந்தேகமாக வந்தது. வைரஸ் கிருமியா? 1960-களில் ஹெப்படைட்டிஸ்-பி வைரஸின் அடையாளப் புரதத்தை புளூம்பெர்க் கண்டுபிடித்ததும் எல்லாரும் அதைத் தேடினார்கள். இந்தக் குழந்தைகளின் நோயை அதனால் விளக்க முடியவில்லை. பூஞ்சை நஞ்சா? 1971-இல் மைசூரிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கலந்த நிலக்கடலை மாவைத் தெரியாமல் உண்ட குழந்தைகளுக்கு ஈரல் கெட்டிருந்தது. ஆனால் நாடெங்கும் நோயுற்ற குழந்தைகள் எல்லாம் கடலை மாவு தின்றவர்கள் இல்லை. பரம்பரையா? குடும்பங்களில் தொடர்ந்தது உண்மை. மரபணு விதிக்குள் அது அடங்கவில்லை. நாட்டு மருந்தா? நோய் வந்த பிறகு கொடுத்த மருந்து நோய்க்குக் காரணமாக முடியாது. எண்பது ஆண்டுத் தேடலில் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

சாயம் காட்டிக்கொடுத்தது

இந்தத் தேடலில் ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்த முதல் பெரிய தடயம் உயிரணுவுக்குள் இருந்த ஒரு கட்டி. 1911-இல் பாஸ்டன் நகரத்து மாலரி, மதுவால் கெட்ட பெரியவர்களின் ஈரல் அணுக்களுக்குள் பளபளப்பான, ஒழுங்கற்ற கட்டிகளைப் பார்த்து எழுதியிருந்தார். அவர் பெயரால் மாலரிப் பொருள் என்று அவற்றை அழைத்தார்கள். அதே கட்டிகள், மதுவின் வாசனையே அறியாத வீட்டில் பிறந்த இரண்டு வயதுக் குழந்தையின் ஈரலில் அள்ளிக் கொட்டியதுபோல் கிடந்தன. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் என்.சி. நாயக்கும் ராமலிங்கசுவாமியும் 1969-இல் அவற்றை நுணுகி ஆராய்ந்தார்கள். உயிரணுவைத் தாங்கி நிற்கும் கெராட்டின் இழைகள் நொறுங்கிச் சுருண்டதால் உண்டாவது அந்தக் கட்டி. ஏதோ ஒரு நஞ்சு அணுவை உள்ளிருந்தே தாக்குகிறது என்பது தெளிவாயிற்று. அந்த நஞ்சு எது?

விடை கிடைத்தது லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில். ஆர்சீன் என்பது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்களிலிருந்து எடுக்கும் கபில நிறச் சாயம். ஈரல் துண்டில் ஹெப்படைட்டிஸ்-பி வைரஸின் புரதம் இருக்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்தலாம் என்று ஜப்பானிய அறிஞர் ஷிகாட்டா 1974-இல் காட்டியிருந்தார். அந்தச் சாயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தாமிரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதமும் அதில் நிறம் ஏறும். போர்ட்மன், டேனர், மோவட், ரோஜர் வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் இந்தியக் குழந்தைகளின் ஈரல் துண்டுகளில் ஆர்சீனை ஏற்றினார்கள். அணுவுக்கு அணு கருங்கபிலத் துகள்கள் நிறைந்திருந்தன. 1978-இல் லான்செட் ஏட்டில் அந்தக் கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

மறு ஆண்டிலேயே அளவு தெரிந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் ஆனந்த் பண்டிட்டும் டேனர் குழுவினரும் சேர்ந்து ஈரல் துண்டுகளில் தாமிரத்தை அளந்தார்கள். உலரவைத்த ஈரல் ஒரு கிராமில் சாதாரணமாக 50 மைக்ரோகிராம் அளவில்தான் தாமிரம் இருக்கும். இந்தக் குழந்தைகளில் அது 800-ஐத் தாண்டியது. சிலரிடம் பல ஆயிரங்களைத் தொட்டது. அதே 1979-இல் நியூயார்க்கின் ஹான்ஸ் பாப்பரும் இந்தத் தாமிரம் அணுவின் உட்கூழில் பரவிக் கிடந்து நஞ்சாவதை எழுதினார். ஈரல் ஆராய்ச்சியின் தந்தை என்று உலகம் மதித்த மனிதர் அவர்.

ஈரலுக்குள் நடப்பது

தாமிரம் உடம்புக்கு வேண்டாத பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். இரத்தம் ஊறவும் நரம்பு வேலை செய்யவும் மிகச் சிறிய அளவில் அது வேண்டும். உணவிலிருந்து குடல் உறிஞ்சிய தாமிரம் நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதில் ஒரு பங்கைச் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புகிறது. மிச்சத்தைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுகிறது. உடம்பைவிட்டுத் தாமிரம் வெளியேற முக்கியமான வழி அந்தப் பித்தநீர் ஒன்றுதான்.

பிறந்த குழந்தையின் நிலை வேறு. கருவிலிருக்கும் கடைசி மாதங்களில் அது தன் ஈரலில் தாமிரத்தைச் சேமித்துக்கொண்டே பிறக்கிறது. பிறக்கும்போது அதன் ஈரலில் உள்ள தாமிரம் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு. தாய்ப்பாலில் தாமிரம் குறைவு என்பதால் இந்தச் சேமிப்பு அதற்குத் தேவைப்படுகிறது. ஆனால் பித்தநீர் வழியாக அதிகப்படியை வெளியேற்றும் திறன் முதல் மாதங்களில் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. அந்தச் சமயத்தில் வெளியிலிருந்தும் தாமிரம் வந்து குவிந்தால் அது போக இடமில்லை.

முதலில் மெட்டல்லோதயோனின் என்ற புரதம் அதைப் பிடித்துக் கட்டிவைக்கும். கட்டியதெல்லாம் அணுவின் லைசோசோம் பைகளில் அடையும். ஆர்சீன் காட்டிய கருந்துகள் அதுதான். பைகளும் நிறைந்த பிறகு, பிடிபடாத தாமிரம் அணுவுக்குள் அலைகிறது. தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை அணுச்சவ்வின் கொழுப்பை அரிக்கின்றன, மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கின்றன, கெராட்டின் இழைகளை நொறுக்குகின்றன. அணு செத்துப்போகிறது. பக்கத்திலுள்ள விண்மீன் வடிவ அணுக்கள் காயத்தை ஆற்றும் வேகத்தில் கொலாஜன் நாரைச் சுரக்கின்றன. மற்ற சிரோசிஸ் நோய்களில் நார் பட்டை பட்டையாக ஓடும். இந்த நோயில் அது ஒவ்வொரு ஈரல் அணுவையும் தனித்தனியே சுற்றி வளைத்துவிடும். ஈரல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அற்புதமான உறுப்பு. அந்த வளர்ச்சிக்கும் வழியில்லாமல் போகிறது. விரலில் பட்ட அந்தக் கடினமும் கூர்மையும் இந்த நாரினால் வந்தவை.

தாமிரத்தால் ஈரல் கெடும் இன்னொரு நோய் மருத்துவ உலகத்துக்கு முன்பே தெரியும். 1912-இல் லண்டனில் வில்சன் விவரித்தது. அவர் பெயரே அதற்கு. அதில் தாமிரத்தை வெளியேற்றும் மரபணு பழுதாகியிருக்கும், இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் குறைந்திருக்கும். குலைக்கட்டிக் குழந்தைகளுக்கோ செருலோபிளாஸ்மின் குறையவில்லை. ஆகவே இது வில்சன் நோய் இல்லை. அப்படியானால் இத்தனை தாமிரம் எங்கிருந்து வந்தது?

பால் எதில் காய்ச்சுகிறீர்கள்?

புனேயில் ஷீலா பாவேயும் பண்டிட்டும் டேனரோடு சேர்ந்து தாய்மார்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். குழந்தைக்கு எப்போது மாட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்தீர்கள்? அதை எதில் காய்ச்சுகிறீர்கள்? காய்ச்சிய பால் எதில் இருக்கிறது? நோயுள்ள குழந்தையின் வீட்டிலும் நோயில்லாத குழந்தையின் வீட்டிலும் அதே கேள்விகள். நோயுள்ள வீடுகளில் விடை திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தது. மாட்டுப்பாலோ எருமைப்பாலோ சீக்கிரமே தொடங்கப்பட்டிருந்தது. பித்தளை அல்லது தாமிரப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்துவைத்துப் புகட்டியிருந்தார்கள். 1983-இல் லான்செட்டில் இது வெளிவந்தது. ஜோடி ஜோடியாகக் குழந்தைகளை ஒப்பிட்ட விரிவான ஆய்வு 1987-இல் வந்தது.

பாலுக்கும் பித்தளைக்கும் என்ன உறவு என்பதை 1989-இல் ஓநீலும் டேனரும் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். கறந்த பாலில் தாமிரம் மிகச் சொற்பம். பித்தளையில் காய்ச்சி, அதிலேயே சில மணி நேரம் விட்டால், பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் உலோகத்திலிருந்து தாமிரத்தை இழுத்துத் தன்னோடு கட்டிக்கொள்கிறது.

இங்கேதான் நம் அடுக்களையை நினைக்க வேண்டும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், மோர் வைத்தால் கைக்கும் என்பது நம் பாட்டிமாருக்கு மனப்பாடம். அதனால்தான் குழம்புக்கும் ரசத்துக்கும் ஈயம் பூசிய பாத்திரம், கல்சட்டி, ஈயச்சொம்பு என்று தனித்தனியே வைத்தார்கள். பால் புளிக்காத பொருள். அதில் தாமிரம் இறங்கினால் பச்சை தெரியாது, சுவை மாறாது. கண்ணும் நாக்கும் எச்சரிக்காத இடத்தில் அனுபவ அறிவு என்ன செய்யும்? பசு இருக்கிற வீடு, பளபளவென்று தேய்த்த பித்தளை இருக்கிற வீடு, பிள்ளை புஷ்டியாக வளர வேண்டும் என்று நாலு முறை பால் புகட்டுகிற வீடு. அன்பும் வசதியும் சேர்ந்தே அந்த வீட்டுக்குள் நஞ்சைக் கொண்டுவந்தன. மண்சட்டியிலும் அலுமினியத்திலும் காய்ச்சிய ஏழை வீட்டுப் பாலில் இறங்கத் தாமிரம் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் தொடர்ந்ததும் விளங்கிவிட்டது. எல்லாரும் குடித்தது ஒரே பாத்திரத்துப் பால். கல்பாத்தியில் யாராவது அன்றைக்கு வாசலில் வந்து, “மாமி, குழந்தைக்குப் பால் எதிலே காச்சறேள்?” என்று கேட்டிருந்தால் போதுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிவதற்கு உலகத்துக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

மருந்தும் வந்தது. வில்சன் நோய்க்கு ஜான் வால்ஷ் 1956-இல் கண்டுபிடித்த பெனிசிலமின், உடம்பிலுள்ள தாமிரத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றும். புனேயில் அதைக் குலைக்கட்டிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். காமாலை முற்றிய பிறகு வந்தவர்களில் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. முன்கூட்டியே வந்தவர்கள் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996-இல் எழுதினார்கள். சிலருடைய ஈரல் துண்டு கிட்டத்தட்ட இயல்பான தோற்றத்துக்கே திரும்பியிருந்தது. சிரோசிஸ் வந்தால் திரும்பாது என்று நம்பியிருந்த காலத்தில் அது பெரிய செய்தி.

ஈயக்காரர் செய்த வைத்தியம்

தாமிரம் பாலில் இறங்காமல் தடுக்க நம்மிடம் ஒரு பழைய வழி இருந்தது. ‘ஈயம் பூசலையோ’ என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவரை நினைவிருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். திண்ணை ஓரத்தில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, தோல் துருத்தியால் ஊதுவார். பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, நெருப்பில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடவைப்பார். சரியான சூடு ஏறியதும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையில் உலோகத்தின் மேலிருந்த அழுக்குப் படலம் போய்விடும். உடனே வெள்ளீயக் குச்சியை உள்ளே இரண்டு இடத்தில் தொட்டு, பஞ்சுத் துணியால் ஒரே வீச்சில் சுற்றித் துடைப்பார். மஞ்சள் பாத்திரம் உள்ளே வெள்ளியாக மாறும். தண்ணீரில் போட்டதும் சீறி அடங்கும்.

அந்த மெல்லிய வெள்ளீயப் படலம் பாலுக்கும் பித்தளைக்கும் இடையே நின்றது. அது தேயும்வரை குழந்தைக்குப் பயமில்லை. தேய்ந்த பிறகு மறுபடி பூசாமல் விட்டதும், பால் பாத்திரத்துக்குப் பூச்சு எதற்கு என்று விட்டதும்தான் வினை.

எவர்சில்வர் வந்ததும் காட்சியே மாறியது. கல்யாணச் சீரிலும் பித்தளை குறைந்து எவர்சில்வர் ஏறியது. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை அந்தத் தகட்டை உருட்டத் தொடங்கியபோது, பால் பாத்திரம் எவர்சில்வர்தான் என்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டிருந்தது. மகாராஷ்டிரத்தில் பாவே குழுவினர் பித்தளையில் பால் காய்ச்சாதீர்கள் என்று குடும்பங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். தடுப்பு பற்றிய அவர்கள் கட்டுரை 1992-இல் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய மருத்துவமனைகளிலும் இந்த நோய் அபூர்வமாகிவிட்டது.

ஆல்ப்ஸ் மலையிலும் இதே கதை

ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரியான ஈரல் நோயில் இறந்திருக்கிறார்கள். இன்ஸ்ப்ரூக் நகரத்து தாமஸ் முல்லர் குழுவினர் பழைய ஏடுகளையும் பாதுகாத்துவைத்த ஈரல் துண்டுகளையும் ஆராய்ந்து 1996-இல் எழுதினார்கள். அங்கேயும் விவசாயக் குடும்பங்கள், அங்கேயும் சொந்தப் பசு, அங்கேயும் ஈயம் பூசாத தாமிரப் பாத்திரத்தில் காய்ச்சிய பால். பாத்திரம் மாறியதும் நோயும் போயிற்று. ‘இந்திய’ என்ற அடைமொழி இந்த நோய்க்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முழுக் கதையும் முடிந்துவிட்டதாகச் சொன்னால் அது நேர்மையாகாது. பித்தளைப் பால் குடித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நோய் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடிநீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கும் மேல் தாமிரம் இருந்த மூன்று ஊர்களில் இந்த நோயால் ஒரு குழந்தையும் இறக்கவில்லை என்று 1994-இல் ஷைன்பெர்க்கும் ஸ்டெர்ன்லீபும் காட்டினார்கள். நாயக் போன்ற மூத்த அறிஞர்கள் தாமிரம் ஒன்றே காரணம் என்பதைக் கடைசிவரை ஏற்கவில்லை. திரோலில், மரபில் ஒரு பலவீனமும் பாலில் வந்த தாமிரமும் சேர்ந்தபோதே நோய் உண்டானது என்று முல்லர் குழு முடிவு செய்தது. நம் குழந்தைகளிடமும் அப்படி ஒரு பலவீனம் இருந்திருக்கலாம். ஆனால் பலவீனத்தைப் பிறக்குமுன் யாரும் மாற்ற முடியாது, பாத்திரத்தை மாற்றலாம். மாற்றியதும் குழந்தைகள் சாவது நின்றது. ஒரு ஆராய்ச்சியின் பயனுக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இன்று

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. பித்தளையும் தாமிரமும் மறுபடி வீட்டுக்குள் வருகின்றன. பரணில் கிடந்த உருளியும் சருவமும் கீழே இறங்குகின்றன. தாமிரக் குடமும் தாமிரப் பாட்டிலும் ஆரோக்கியத்தின் பெயரால் விற்பனையாகின்றன. தேர் பார்க்க வருகிறவர்கள் பழைய பாத்திரங்களை ஆசையோடு வாங்கிப் போவதையும் காண்கிறோம். நம் முன்னோர் கையாண்ட பொருள்களை நாம் போற்றுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு சேர்ந்திருந்த கட்டுப்பாட்டை விட்டுவிடக் கூடாது. ஈயம் பூசாத பித்தளையில் புளி சமைப்பதில்லை என்பது அவர்கள் வைத்திருந்த விதி. பாலுக்கும் அந்த விதி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனது, நமக்குத் தெரியும்.

ஆகவே வாசகர்களுக்கு, குறிப்பாக வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கு, நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பிறகு குழந்தைக்குக் கொடுக்கும் பாலையும் கஞ்சியையும் தண்ணீரையும் எவர்சில்வரில் காய்ச்சுங்கள், எவர்சில்வரிலேயே வையுங்கள். குடிநீரில் தாமிரம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பச்சைக் குழந்தைக்குத் தாமிரப் பாத்திரத்துத் தண்ணீரால் ஒரு நன்மையும் இல்லை. பெரியவர்களுக்குப் பித்தளையில் சமைப்பதானால் ஈயம் பூசியதில் சமையுங்கள். பூசுவது கலப்படமில்லாத வெள்ளீயமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரீயம் கலந்த பூச்சு வேறொரு நஞ்சு. குழந்தையின் வயிறு உப்பி, கண் மஞ்சளானால் பச்சிலை தேடி நாளைக் கடத்தாமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஊர் வரலாற்றில் குலைக்கட்டியால் போன குழந்தைகளுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்கள் எதனால் போனார்கள் என்பதை ஆய்வுக்கூடம் கண்டு சொல்லிவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு குழந்தையை அதே பாத்திரத்துக்குப் பறிகொடுத்தால், அந்தப் பழி நம்முடையது.

(தொடரும்)